விளையாட்டுத்தனம் என்னும் வசைச்சொல்

தமிழில் ஒருவரை மரியாதை குறையாமல் ஒதுக்கிவைக்க வேண்டுமானால், 'அவரிடம் கொஞ்சம் விளையாட்டுத்தனம் உண்டு' என்று சொன்னால் போதும். குடித்துச் சீரழிந்தவர்க்கும், எல்லோரோடும் பிணங்கித் தனித்துப்போனவர்க்கும் நம்முடைய நினைவுக் கட்டுரைகளில் இடம் உண்டு. சொல்லப்போனால் நடு இடமே அவர்களுக்குத்தான். ஆனால் நாற்பது வயதில் ஒருவர் சிறிய தராசொன்றில் மெல்லிய மரப்பட்டிகளை எடைபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றால், அவரைப் பற்றி எழுத எதுவுமில்லை என்று நம் இலக்கிய உலகம் தீர்ப்பளித்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பை எதிர்த்தே இதை எழுதுகிறோம்.

'எழுதுகிறோம்' என்று பன்மையில் சொல்வது மேடைப் பழக்கத்தால் அன்று. நாங்கள் மூவர். ஒருவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறார். இன்னொருவர் காப்பித் தோட்டத்தில் கணக்கராக இருந்து, இப்போது பெருமாள்மலையில் கடை வைத்திருக்கிறார். மூன்றாமவர் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவர். எழுதும் கை அவருடையது, கோபம் மூவருக்கும் பொது. எங்களோடு நான்காமவராக, உண்மையில் முதலாமவராக, இருந்தவர் பெரியகுளத்துக்காரர். தொழிலால் தச்சர். எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்பதால் எங்களுக்கு அவர் 'அண்ணன்'. வீட்டார் கேட்டுக்கொண்டதற்கிணங்க அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. பெயரில்லாமற்போன தச்சனைப் பற்றிக் கீழே குறைபடப்போகிற ஒரு கட்டுரையில் இது உறுத்தத்தான் செய்கிறது. ஆயினும் அவர்கள் விருப்பம் பெரிது.

அண்ணன் மறைந்தபின் ஒரு நினைவு மலர் கொண்டுவந்தார்கள். அவர் சிற்றிதழ்களின் நெடுநாள் வாசகர். சந்தா கட்டி வாசித்தவர். இரண்டு சிறுகதைகள் அச்சில் வந்திருக்கின்றன. மலருக்காக நாங்கள் ஆறு பக்கங்கள் எழுதிக் கொடுத்தோம். அதில் மூன்றரைப் பக்கங்களைத் தொகுப்பாளர் வெட்டிவிட்டார். வெட்டப்பட்டவை அனைத்தும் அவர் மாதிரி விமானங்கள் செய்து அடுக்கத்துச் சரிவில் பறக்கவிட்டது பற்றியவை. ஏன் என்று கேட்டோம். 'அது அவருடைய பொழுதுபோக்குதானே? ஒரு வாசக ஆளுமையைப் பற்றிப் பேசுகிற இடத்தில் பொம்மை விமானம் எதற்கு? வேண்டுமானால் இயற்கையை மிகவும் நேசித்தார் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தது. சேர்த்தும் விட்டார்கள்.

தொகுப்பாளர் கெட்டவரல்லர். படித்தவர், உழைப்பவர், கைக்காசு போட்டு மலர் கொண்டுவந்தவர். அதனால்தான் இது தனிமனிதப் பிழையாக எங்களுக்குத் தோன்றவில்லை. அவர் செய்தது நம் அனைவரின் பழக்கம். அந்த ஒரு வரி இருக்கிறதே, 'இயற்கையை நேசித்தார்', அதைத்தான் நாங்கள் பொறுக்கமாட்டோம். அண்ணன் இயற்கையை நேசித்ததாக எங்களுக்கு நினைவில்லை. அவர் காற்றைக் கணக்குப் பார்த்தார். அது வேறு.

*

அடுக்கம் என்ற சொல் இலக்கிய வாசகர்க்குப் புதிதன்று. சங்கப் பாடல்களில் மலைச்சரிவைக் குறிக்க வருவது. குறிஞ்சித் திணை நடத்துகிற ஆசிரியர் ஆண்டுக்கு நூறு முறையாவது உச்சரிக்கிற சொல். பழனி மலைத்தொடரின் தெற்குச் சரிவில் அந்தப் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது என்பது அவருள் பலர்க்குத் தெரியாது. பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை அருவிப் பக்கமாக ஏறினால் அடுக்கம். அதற்கும் மேலே பெருமாள்மலை. அங்கே வத்தலக்குண்டிலிருந்து வரும் பெரிய சாலையோடு சேர்ந்து கொடைக்கானல். இன்று அடுக்கம் வழியே தார்ச்சாலை உண்டு. மழைக்காலத்தில் மண் சரிந்து அது அடைபட்டதாக அடிக்கடி செய்தித்தாளில் பார்க்கிறோம். நாங்கள் போய்க்கொண்டிருந்த நாளில், 1999 முதல் ஏழெட்டு ஆண்டுகள், பாதி வழி நடைதான். சிறகுகளைத் தனியாகவும் உடலைத் தனியாகவும் வேட்டியில் சுற்றிச் சுமந்து ஏறுவோம். காப்பியும் ஆரஞ்சும் மலைவாழையும் இருபுறமும். கீழே திரும்பிப் பார்த்தால் பெரியகுளத்துத் தோப்புகள், அதற்கப்பால் வெயிலில் தகடுபோல வைகை அணையின் நீர்.

ஏன் அவ்வளவு தூரம் ஏற வேண்டும்? கீழே மைதானமா இல்லை? இந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்தால் விளையாட்டுத்தனம் என்ற சொல் பாதி உதிர்ந்துவிடும். எஞ்சின் இல்லாத விமானம், அதாவது கிளைடர், எப்போதும் கீழ்நோக்கித்தான் சறுக்குகிறது. அது சறுக்கும் வேகத்தைவிட அதிக வேகத்தில் அதைச் சுற்றியுள்ள காற்று மேலே ஏறிக்கொண்டிருந்தால் மட்டுமே விமானம் உயரும். தெற்கு நோக்கிய மலைச்சரிவு காலை வெயிலில் சூடேறி, ஒன்பது பத்து மணி அளவில் காற்று சரிவைத் தழுவி மேலேறத் தொடங்கும். மாலை ஆனால் அதே காற்று குளிர்ந்து இறங்கும். ஆக, அடுக்கத்தில் விமானம் பறக்க நாளுக்கு ஐந்தாறு மணி நேரந்தான். எப்போது தொடங்கியது என்று அறியக் கருவி ஏதும் எங்களிடமில்லை. அண்ணன் ஒரு நீண்ட குச்சி முனையில் தையல் நூலைக் கட்டிப் பிடித்திருப்பார். பாறை விளிம்பில் நூல் சற்றே மேல்நோக்கி நிமிர்ந்தால், 'வந்துருச்சு' என்பார். கழுகுகள் சிறகடிக்காமல் வட்டமிடுகிறதா என்றும் பார்ப்பார். பறவை அழகாக இருக்கிறது என்று அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. 'அது எந்த எடத்துல திரும்புதுன்னு பாரு தம்பி, அங்கதான் தூக்கு இருக்கு' என்பார். இதுவா இயற்கை நேசம்? ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் வேலையைப் பார்க்கிற பார்வை அது.

செய்முறையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மாதிரி விமானத்துக்கு உலகம் முழுவதும் பால்சா மரத்தைப் பயன்படுத்துகிறார்கள். தென் அமெரிக்க மரம். ஈக்வடாரிலிருந்துதான் பெரும்பகுதி வருகிறது. கன மீட்டருக்குச் சுமார் 160 கிலோ எடை. தேக்கு இதைப்போல நான்கு மடங்கு கனக்கும். வங்கி நண்பர் கல்லூரியில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் இருந்தவர், அங்கே மாதிரி விமானக்கலை பயிற்சியில் ஒரு பகுதி. முதல் பால்சாத் தகடுகள் எங்களுக்கு அந்த வழியாக அறிமுகமாயின. விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. அண்ணன் ஒரு தகட்டை முகர்ந்து பார்த்தார், நகத்தால் கீறினார், 'இது நம்ம எலவத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கே' என்றார். தாவரவியல் அப்படித்தான் சொல்கிறது: பால்சாவும் இலவமும் ஒரே குடும்பம். பெரியகுளம், போடி வட்டாரத்தில் இலவம்பஞ்சுத் தோப்புக்குப் பஞ்சமில்லை. வெட்டுப்பட்ட கிளைகளை வாங்கி உலர்த்தி இழைத்துப் பார்த்தார். கனமும் கூட, ஈரமும் குடித்தது. மூக்குக்கட்டைக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, சிறகின் முன்விளிம்புக்கு மூங்கிற்பிளாச்சும் விலாக்களுக்குப் பால்சாவும் என்று பிரித்தார். மேலே ஒட்டப் பட்டத்தாள். அதன் மேல் தின்னர் கலந்த லாக்கர் இரண்டு பூச்சு. உலரும்போது தாள் இறுகி முரசுத் தோல்போலத் தட்டினால் ஒலிக்கும்.

எஞ்சின் விமானமும் ஒன்று செய்தோம். கல்கத்தாவில் இந்தியாஸ் ஹாபி சென்டர் தயாரித்த பழைய அரோரா டீசல் எஞ்சின் ஒன்று கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்தது. கட்டைவிரல் அளவு. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் ஏறக்குறையச் சமமாகக் கலந்து ஊற்ற வேண்டும். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு அப்படியொரு பயன் இருக்குமென்று எந்த அரசும் எண்ணியிராது. பள்ளி மைதானத்தில் இரண்டு கம்பிகளில் கட்டி வட்டமாகப் பறக்கவிட்டோம். தலைசுற்றியது, சத்தம் ஊரைக் கூட்டியது. அண்ணனுக்கு அதில் நாட்டம் பிடிக்கவில்லை. 'எஞ்சின் இருந்தா கதவைக்கூடப் பறக்கவிடலாம்' என்று சொல்லி மறுபடி மலைக்கே வந்துவிட்டார்.

*

இப்போது நம் பக்கத்துப் பெருமிதங்களைக் கவனிப்போம். ட்ரோன் என்ற சொல் செய்தியில் அடிபடத் தொடங்கியதிலிருந்து, தமிழ்க் கருத்தரங்கு ஒன்றுகூடப் புறநானூற்றின் 27ஆம் பாடலைத் தொடாமல் முடிவதில்லை. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியது. செலுத்துவோன் இல்லாத வான ஊர்தி ஒன்று அதில் வருகிறதல்லவா, ஆகவே ட்ரோனை நாம் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கண்டுவிட்டோம் என்று கைதட்டல் வாங்குகிறார்கள். பாடலை முழுதாகப் படித்தவர்க்குத் தெரியும், அங்கே பேச்சு பொறியியல் பற்றியதன்று. புலவரால் பாடப்படும் புகழுடையோர்க்கே அந்த ஊர்தி கிடைக்கும் என்பதுதான் செய்தி. அதாவது யார் நினைக்கப்படுகிறார், யார் மறக்கப்படுகிறார் என்பது பற்றிய பாட்டு அது. நம் மேடைகள் ஊர்தியை எடுத்துக்கொண்டன, கேள்வியைக் கைவிட்டன.

சீவக சிந்தாமணியின் மயிற்பொறி இன்னும் நல்ல சான்று. உ.வே.சாமிநாதையர் 1887இல் அச்சேற்றிய நூல். முதுகலை படித்த எவரும் நாமகள் இலம்பகத்தைத் தாண்டியே வந்திருப்பர். அரசன் சச்சந்தன் தச்சனிடம் சொல்லிப் பறக்கும் மயில் ஒன்று செய்விக்கிறான். கருவுற்ற அரசி விசயை பொறியை வலப்புறம் திருகினால் அது எழும்பும், இடப்புறம் திருகினால் இறங்கிக் காலூன்றும். அதிலேறித்தான் அவள் தப்பிச் சுடுகாட்டில் இறங்கிச் சீவகனைப் பெறுகிறாள். இதெல்லாம் எல்லோரும் சொல்வது. யாரும் சொல்லாதது அந்தப் பொருட்பட்டியல். துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு, மற்றும் தேவையான பிற நல்ல பொருள்கள். வேலை முடிய ஏழு நாள் என்று திருத்தக்க தேவர் ஒரே செய்யுளில் வரிசையாக அடுக்கியிருக்கிறார்.

அந்தச் செய்யுளை அண்ணனுக்கு அவருடைய பட்டறையில் வைத்து வாசித்துக் காட்டினோம். இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி வாசிக்கச் சொன்னார். 'இது வீட்ல உக்காந்து எழுதுனது இல்ல தம்பி. பட்டறையில நின்னு பாத்துட்டு எழுதியிருக்காரு. துணி ஒட்டப் பிசினு, வரிஞ்சு கட்ட நூலு, நூலு அவிழாம இருக்க மெழுகு, ஈரம் புடிக்காம மேல அரக்கு. சரிதான். ஆனா மரத்தச் சொல்லாம விட்டுட்டாரே? என்ன மரம்?' என்றார்.

உரைகளை எல்லாம் கற்றறிந்து வகுப்பெடுக்கிற எவரும் கேட்டு நாங்கள் அறியாத கேள்வி அது. அந்த மயிலை நாங்கள் உவமையழகுக்காகவும், அவலச் சுவைக்காகவும், மேடையில் விமானப் பெருமைக்காகவும் பயன்படுத்தியிருக்கிறோம். அதைச் செய்தவன் என்ன மரத்தில் செய்தான் என்று கேட்கத் தோன்றவில்லை. காப்பியத்தில் அந்தத் தச்சனுக்குப் பெயரும் இல்லை. அரசனுக்கு உண்டு, அரசிக்கு உண்டு, வஞ்சகம் செய்த அமைச்சன் கட்டியங்காரனுக்குக்கூட உண்டு.

ஆகவே எங்கள் குற்றச்சாட்டை வெளிப்படையாகவே வைக்கிறோம். 'விளையாட்டுத்தனம்' என்று நாம் ஒதுக்குவது விளையாட்டை அன்று, கைவேலையை. சதுரங்கம் ஆடுகிற எழுத்தாளரைப் பற்றி எழுதுவோம், மரியாதை குறையாது. கருநாடக இசை கேட்பவரைப் பற்றி எழுதுவோம், மரியாதை கூடும். இவையும் பொழுதுபோக்குகளே. உளியும் உப்புத்தாளும் பசையும் வந்தால்தான் முகம் சுளிக்கிறது. தச்சர் ஒருவர் புத்தகம் படித்தார் என்பது நமக்கு வியப்புச் செய்தி. அவர் தச்சு வேலையை அதன் உச்சிக்குக் கொண்டுபோனார் என்பது நமக்குச் செய்தியே அன்று. இதன் வேர் எங்கே போகிறதென்று தமிழ்நாட்டில் பிறந்த எவர்க்கும் விளக்க வேண்டியதில்லை.

*

மறுபக்கத்தில் எங்கள் ஆதரவாளர்கள் என்று சொல்லிக்கொண்டு சிலர் வருகிறார்கள். அவர்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. மாதிரி விமானம் அறிவியல் மனப்பான்மையை வளர்க்கும், பிள்ளைகளைப் பொறியாளராக்கும் என்பது அவர்கள் வாதம். சான்றுகள் தயாராக இருக்கும். அல்போன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞர் 1871இல் பாரிசின் துய்லெரி தோட்டத்தில், முறுக்கிய ரப்பரால் ஓடும் சிறு விமானத்தை 11 விநாடி பறக்கவிட்டார். அவர் வகுத்த முறையில் அமைந்த ஒரு ரப்பர்ப் பொம்மையை 1878இல் தந்தை வாங்கிவரப் பெற்ற சிறுவர்கள்தாம் ரைட் சகோதரர். உள்ளூர்ச் சான்று வேண்டுமென்றால் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா அணி. நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்த அந்த அணி 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. எல்லாம் உண்மை. அந்த மாணவர்கள் மீது எங்களுக்கு மதிப்பும் உண்டு.

ஆனால் ஓர் அன்பை அதன் வருமானத்தால் நியாயப்படுத்தத் தொடங்கினால், வருமானம் தராத அன்பு குற்றமாகிவிடும். பெனோவையே பாருங்கள். பெரிய விமானத்துக்கு அவர் போட்ட திட்டத்துக்கு ஆதரவு கிடைக்கவில்லை. முப்பது வயதில் தன்னுயிரைப் போக்கிக்கொண்டார். அமெரிக்காவில் இரண்டு சிறுவர்களுக்கு அவருடைய பொம்மை பயன்பட்டது என்பதால்தான் அவர் பதினொரு விநாடிக்குப் பொருள் வந்ததா? பயன்பட்டிராவிட்டால் அது வீணா? எங்கள் நால்வரில் எவரும் விமானப் பொறியாளர் ஆகவில்லை. ஒருவர் கடன் விண்ணப்பம் சரிபார்க்கிறார், ஒருவர் தேயிலைத்தூள் விற்கிறார். அடுக்கத்துச் சரிவில் கழித்த முந்நூறு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு எந்தப் பயனும் இல்லை என்று நாங்கள் எழுதித் தருவோம்.

ட்ரோன் என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு அடைப்பதும் இவர்கள் செய்த வேலையே. கடையில் வாங்கும் நான்கு சுழலி ட்ரோனைக் கையை விட்டாலும் நின்ற இடத்தில் நிற்கும். உள்ளே இருக்கும் உணரிகளும் செயற்கைக்கோள் வழிகாட்டியும் அதைத் தாங்கிக்கொள்கின்றன. கிளைடரில் அந்தச் சமநிலை வடிவத்திலேயே இருக்க வேண்டும். சிறகுகள் இரண்டும் சற்றே மேல்நோக்கி வளைந்திருப்பது அழகுக்காக அன்று; ஒருபுறம் சாய்ந்தால் தானே நிமிர்வதற்காக. எடைமையம் அரை அங்குலம் பின்னால் போனால் மூக்கைத் தூக்கித் திணறி விழும். இதில் எதையும் பொத்தானை அழுத்திச் சரிசெய்ய முடியாது, மறுபடி பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால் சட்டத்துக்கு இந்த வேறுபாடு நாளடைவில் புரிந்தது. 2014 அக்டோபரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஆளில்லா வானூர்திகளைத் தனியார் பறக்கவிடுவதை ஒட்டுமொத்தமாக நிறுத்திவைத்தது. 2018இல் விதிகள் வந்தன. 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள், 25 கிலோவுக்கு மிகாமல் கண்பார்வைக்குள் கல்விக்கோ பொழுதுபோக்குக்கோ பறப்பவற்றுக்கு 'மாதிரி' என்று தனிப்பெயர் கொடுத்து, வகைச்சான்று வாங்கும் சுமையிலிருந்து விலக்கும் அளித்தன. தில்லி அதிகாரிகளுக்கு இருக்கும் இவ்வளவு சொல்நுட்பங்கூட நம் மலர்த் தொகுப்பாளர்களுக்கு இல்லை என்பது வருத்தமே. (மலையில் எங்கள் பழைய இடத்துக்கு இப்போது தோன்றியபோதெல்லாம் போக முடியாது; 2013இல் சுற்றிலுமுள்ள காடுகள் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. அதைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை. காட்டெருமைக்கு அங்கே எங்களைவிட மூத்த உரிமை.)

*

'அப்படியானால் நீங்களும் பழைய நினைவில் உருகுகிறீர்கள், அவ்வளவுதானே' என்று கேட்கலாம். இல்லை. உருகுவதற்கு எதிராகவே இவ்வளவு விவரமும். தமிழில் இப்போது நினைவெழுத்து பெருகியிருக்கிறது. மஞ்சள் வெயில், தேநீர், தோளில் கை, 'அந்த நாட்கள் இனி வருமா' என்ற பெருமூச்சு. ஆளை மாற்றிப்போட்டாலும் கட்டுரை அப்படியே பொருந்தும். சுந்தர ராமசாமியின் 'நினைவோடை' வரிசை போல ஆளையும் அவர் பேச்சையும் கூர்மையாகப் பிடித்த நூல்களும் நமக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவை எழுத்தாளர் எழுத்தாளரை நினைத்தவை. எழுதுவது நம் தொழில் என்பதால் அங்கே விவரம் தானாக வருகிறது. பிறர் தொழிலுக்கு வந்ததும் நம்மிடம் பெயரடைகள் மட்டுமே மிஞ்சுகின்றன.

முடியாததா இது? இதே மலையடிவாரத்து வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு.செல்லப்பா 1959இல் 'வாடிவாசல்' எழுதினார். மாடு எப்படித் திரும்பும், திமிலை எந்தக் கணத்தில் பற்ற வேண்டும், கொம்பு எந்தப் பக்கம் வரும் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. அந்த விவரங்களை எடுத்துவிட்டால் பிச்சியும் இல்லை, காரியும் இல்லை, ஜமீன்தாரும் இல்லை. வீரம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவர் ஒப்பேற்றவில்லை.

வெளியே ஓர் எடுத்துக்காட்டு சொல்ல வேண்டுமானால் நெவில் ஷூட்டின் கடைசி நாவல், 'டிரஸ்டி ஃப்ரம் தி டூல்ரூம்', அவர் இறந்த 1960இலேயே வெளிவந்தது. ஷூட் விமானப் பொறியாளர். விமானம் செய்யும் நிறுவனமே நடத்தியவர். நாவலின் நாயகன் கீத் ஸ்டூவர்ட் இலண்டன் புறநகரில் தன் வீட்டு நிலவறையில் சின்னஞ்சிறு எஞ்சின்கள் செய்து, அவற்றைப் பற்றி ஒரு சிறு பத்திரிகைக்கு எழுதிப் பிழைப்பவன். நாட்டைவிட்டு வெளியே போனதில்லை, கையில் காசில்லை. தங்கையும் அவள் கணவனும் பசிபிக் கடலில் படகு உடைந்து இறந்துபோக, அவர்களுடைய மகளுக்காக அவன் உலகின் மறுபாதிக்குப் போக வேண்டியதாகிறது. வழியெங்கும் அவனுக்கு உதவுகிறவர்கள் யார்? அவன் பத்திரிகையில் கொடுத்த அளவுகளைப் பார்த்துத் தங்கள் கொட்டகையில் எஞ்சின் செய்தவர்கள். அவன் முகத்தைப் பார்த்திராதவர்கள். நட்பு என்பது அங்கே ஒரு திருகாணியின் அளவு வழியாக வந்து சேர்கிறது. அந்நாவலில் எவரும் எவர் தோளிலும் கைபோட்டுப் பெருமூச்சு விடுவதாக எங்களுக்கு நினைவில்லை. படித்து முடித்த அண்ணன் (கதையை நாங்கள் தமிழில் சொல்லக் கேட்டுப் பின்னர் எழுத்துக்கூட்டி ஆங்கிலத்திலேயே படித்தார், ஏழு மாதம் ஆயிற்று) ஒன்றுதான் சொன்னார்: 'அந்தக் கடிகாரத்தோட வரைபடம் கெடைக்குமா?'

மலரில் அவருடைய இரண்டு சிறுகதைகளையும் மறுபதிப்புச் செய்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் அவர் கதைகளைவிட அவருடைய சிறகுகள் மேல் என்பது எங்கள் துணிபு. இலக்கியம் கற்பிக்கிறவரும் சேர்ந்தே இதைச் சொல்கிறார். ஒருவர் எதில் தம் முழு அறிவையும் செலுத்தினாரோ அதைச் சொல்லாமல், நமக்குப் பழக்கமான துறையில் அவர் செய்த நடுத்தர வேலையைப் பாராட்டுவது நினைவஞ்சலியா? அவருடைய மகன் வீட்டுப் பரணில் கிடந்த விலாச் சட்டங்களைக் காட்டி, 'இது எதுக்குன்னு தெரியலண்ணே, அடுப்புக்குப் போட மனசு வரல' என்று எங்களிடம் கேட்டான். மலர் அவனுக்கு விடை சொல்லியிருக்க வேண்டும். 'இயற்கையை நேசித்தார்' என்ற வரியை வைத்துக்கொண்டு அந்தப் பையன் என்ன செய்வான்?

ஆகவே வெட்டப்பட்ட பகுதியின் சாரத்தை இங்கே தருகிறோம்.

சிறகு நீளம் ஐந்தடி, இரண்டு துண்டு, நடுவில் மூங்கில் ஆணியால் இணைப்பது. அகலம் ஏழங்குலம். விலாக்கள் இருபத்திரண்டு. எல்லா விலாவும் ஒன்றுபோல் வர, பால்சாத் துண்டுகளை அடுக்கி, இருபுறமும் ஒட்டுப்பலகையில் வெட்டிய அச்சை வைத்து, இரண்டு போல்ட்டால் இறுக்கி, ஒரே கட்டாக அரம்போட்டு இழைக்க வேண்டும். பரணில் இருப்பவை அந்த அச்சுகள்தாம் தம்பி, சட்டங்கள் அல்ல. சவர பிளேடால்தான் பால்சாவை அறுக்க வேண்டும், வாள் நசுக்கிவிடும். எடைமையம் முன்விளிம்பிலிருந்து இரண்டேகால் அங்குலத்தில். மூக்கில் சேர்க்கத் தூண்டில் ஈயம். அப்பா அதைப் பழைய ஃபிலிம் டப்பாவில் வைத்திருந்தார். முதலில் சமதரையில் முழங்கால் உயரப் புல்லின் மேல் மெல்லத் தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும். மூக்குத் தூக்கினால் ஈயம் கூட்டு, குத்தினால் குறை. பத்துத் தடவை ஒரே மாதிரி சறுக்கினாலன்றி மலைக்கு எடுத்துப்போக அவர் விட்டதில்லை.

ரேடியோ இல்லாத விமானங்களுக்கு ஒரு தொல்லை உண்டு. ஏறுகாற்றில் மாட்டிக்கொண்டால் இறங்கவே இறங்காது, மேகத்துக்குள் போய்விடும். அதற்காக வால்பகுதியை ஒரு ரப்பர் வளையத்தால் இழுத்துக் கட்டி, வளையத்தின் வழியே வெடியுப்பில் ஊறவைத்துக் காயவைத்த பருத்தித் திரியைச் செருகி, முனையைக் கொளுத்திவிட வேண்டும். திரி கனன்று வந்து ரப்பரைச் சுட்டு அறுத்ததும் வால் நிமிர்ந்துகொள்ளும், விமானம் பறப்பதை மறந்து இலைபோல அமர்ந்து இறங்கும். வெளிநாட்டு நூல்களில் உள்ள முறைதான். அண்ணன் திரியை அங்குலத்துக்கு இத்தனை நிமிடம் என்று அளந்து, நிமிடக்கோடுகளைப் பேனாவால் குறித்து வைத்திருப்பார். கோடைக்குத் தனித் திரி, ஐப்பசிக்குத் தனித் திரி. ஈரக்காற்றில் மெதுவாக எரியும் என்பார். காய்ந்த புல் இருக்கிற மாதங்களில் திரி கொளுத்தவே மாட்டார், பறக்கவும் விடமாட்டார். விழும் தீப்பொறிக்குச் சிறு தகரக் குழல் ஒன்றும் வைத்திருந்தார்.

2002 தையில் ஒரு திரி அணைந்துபோயிற்று. விமானம் வட்டமிட்டு ஏறி, தெற்கே நகர்ந்து, புள்ளியாகி, இல்லாமற்போயிற்று. பத்து நாள் கழித்துத் தேவதானப்பட்டிப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. சிறகின் அடியில் எழுதியிருந்த முகவரிக்கே எழுதியிருந்தார். விமானம் மாமரத்தில் சிக்கியிருந்ததாகவும், ஏணி போட்டு இறக்கியதாகவும், இடச் சிறகில் நான்கு விலா முறிந்திருப்பதாகவும், மற்றபடி பத்திரம் என்றும், பேத்தி அதைத் தரமாட்டேன் என்று அழுவதாகவும் எழுதியிருந்தார். அண்ணன் மறுநாள் சைக்கிளில் போனார். பையில் நான்கு விலாவும் பசையும் பட்டத்தாளும் இருந்தன. அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து சிறகைச் சரிசெய்து, தோப்புக்காரரின் பேத்திக்குத் தள்ளிவிடக் கற்றுக்கொடுத்து, விமானத்தை அங்கேயே விட்டுவிட்டு, பொழுது சாய்ந்தபின் வெறுங்கையோடு திரும்பினார். எடைமையத்தை மட்டும் அந்தப் பிள்ளைக்குத் தெரியும்படி இரண்டு பக்கமும் சிவப்பு மையால் புள்ளி வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.